உள்ளே விட்ட துணி

"நான் இனிமே உங்களை அப்பான்னு கூப்பிடணுமா?"

பள்ளி வேனின் முன்சீட்டில் உட்கார்ந்து ஆறு வயதுக்காரி அப்படிக் கேட்டதும், அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். அவள் அம்மாவுக்கும் அவருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் முடிந்து அன்றைக்கு மூன்றாவது நாள். அதுவரை அவர் அவளுக்கு வேன் அங்கிள்.

"உனக்கா எப்பத் தோணுதோ அப்பக் கூப்பிடு, பாப்பா. அவசரமே இல்ல."

பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னார்.

இருபத்தொரு வருஷம் ஆகிவிட்டது. அவளும் அவசரப்படவில்லை.

இப்போது துணி திருத்தும் கடையின் ஆளுயரக் கண்ணாடி முன்னால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நின்றார். உடம்பில் சாம்பல் நிறக் கோட்டு. ரெடிமேட். அவள் கல்யாண வரவேற்புக்கு இன்னும் ஐந்தே நாள்.

போன வாரம் அவள் அட்டைப்பெட்டியை நீட்டி, "அங்கிள், இதை நீங்க போட்டுக்கோங்க" என்றபோது, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். கழுத்துப் பட்டைக்குக் கீழே நாற்பத்திரண்டு என்று தைத்திருந்தது. அவருடைய அளவு முப்பத்தெட்டு. கல்யாணப் பதற்றத்தில் பிள்ளை அளவைத் தப்பாக எடுத்துவிட்டது என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தார்.

மனைவி சிரிக்கவில்லை. அடுப்பில் என்னவோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

தையல்கார அம்மா வாயில் குண்டூசிகளோடு அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கையை ஒன்றரை இஞ்ச் ஏற்றலாம் என்றார். இடுப்பையும் முதுகையும் கொஞ்சம் பிடிக்கலாம். ரொம்பப் பிடித்தால் பாக்கெட் இரண்டும் பின்பக்கம் ஓடிவிடும். அப்புறம் சார் கைக்குட்டை எடுக்கப் பின்னால் நிற்கிற ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

தோளுக்கு வந்ததும் அந்த அம்மாவின் சிரிப்பு நின்றது. கீழே தொங்கிய தோள் நுனியை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டினார். உள்ளே வெறும் காற்று.

தோளை மட்டும் தன்னால் தொட முடியாது என்றார். அதைத் தொட்டால் கழுத்து, கை, முன்பக்கம் என்று எல்லாவற்றையும் பிரித்து வேறு கோட்டே தைக்கிற மாதிரி ஆகிவிடும். பஞ்சுப் பட்டை வைத்துத் தூக்கிக் காட்டலாம். பார்க்கிறவர்களுக்குச் சரியாக இருக்கும். போட்டிருக்கிறவருக்குத் தெரியும். ரெடிமேட் எடுக்கும்போது முதலில் தோளையல்லவா பார்க்கணும், பொண்ணு கவனிக்கலையா என்று கேட்டார்.

பெண் சுவரோர ஸ்டூலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரவாயில்லை, பட்டையே வைத்துவிடுங்கள் என்று அவர்தான் சொன்னார். அவருக்குக் கைவந்த பரவாயில்லை அது. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தோழிகள் இவர் யார் என்று கேட்டு, "அங்கிள்" என்று அவள் பதில் சொன்னபோதும் இதேதான்.

சாக்பீஸ் கோடுகள் விழுந்தன. குண்டூசிகள் ஏறின. அசைந்தால் குத்தும் என்றார் தையல்கார அம்மா. பிறகு பெரிய கத்திரியை எடுத்து, தையல் போட்டபின் முதுகிலும் கையிலும் உள்ளே மிஞ்சுகிற துணியை வெட்டிவிடுவேன், சரிதானே என்றார்.

அப்போதுதான் அவள் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தாள்.

வெட்ட வேண்டாம் என்றாள். மடித்து, லேசாகத் தைத்து விட்டால் போதும்.

அவ்வளவு துணியை உள்ளே விட்டால் முதுகு புடைத்துக்கொண்டு நிற்கும், சார் மேடைக்கு மூட்டை தூக்க வந்த மாதிரி இருக்கும் என்று தையல்கார அம்மா சொல்லிப் பார்த்தார். இருந்துட்டுப் போகட்டும், வெட்ட மட்டும் வேண்டாம் என்றாள் அவள்.

"ஏம்மா, கல்யாணச் சாப்பாட்டுல அப்பா ரெண்டு சுத்துப் பெருத்துடுவாருன்னு பயமா?"

அவர் சிரித்துவிட்டார். தெரியாதவர்கள் யாராவது அவரைக் காட்டி அந்த வார்த்தையைச் சொன்னால், திருத்தாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வது அவர் வழக்கம்.

அவள் திருத்தினாள்.

"இல்லக்கா. இது அப்பாவுக்குன்னு எடுத்தது. வர முடியாதுன்னுட்டார். கடைசி நேரத்துல மனசு மாறி வந்துட்டார்னா, பிரிச்சு விடணும்ல?"



ஆக, அளவு தப்பவே இல்லை. அவளுக்கு இரண்டு வயதாகும்போது வீட்டை விட்டுப் போன ஒருவருக்கு, தோள்வரை கச்சிதமாகப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறாள்.

தையல்கார அம்மா கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டு, கோட்டில் இல்லாத நூலைத் தட்டினார். பிறகு யாரைப் பார்த்தும் கேட்காமல், பொதுவாக, வெட்டவா, விடவா என்றார்.

அவள் மறுபடி செல்போனைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் வந்திருக்கவில்லை.

அவர் கைகள் இன்னும் விரிந்தபடியே இருந்தன. இத்தனை வருஷத்தில் அவளிடம் அவர் ஒன்றுமே கேட்டதில்லை. தோணும்போது என்று சொல்லிவிட்டவர், எந்த வாயால் கேட்பார்?

கையைக் கீழே இறக்கினார். விலாவில் ஒரு குண்டூசி சுருக்கென்று ஏறியது.

"வெட்டச் சொல்லு, பாப்பா," என்றார். "எனக்குன்னே இருக்கட்டும்."