கடைசலுக்கு வந்த பேட்

"அறுத்துடுங்க" என்று விஜயகுமாரி சொன்னபோது மோசஸ்தான் தயங்கினார்.

"நல்லா யோசிச்சிக்கம்மா. காஷ்மீர் வில்லோ மரம். ஒரு கீறல் இல்லாம கீது. அறுத்துட்டு அப்பறம் ஒட்டுன்னா முடியாது."

"என் பையனோட பேட். நான்தான சொல்றேன், அறுங்க."

மாமல்லபுரத்தில் சிற்பிகளின் சுத்தியலுக்குக் கைப்பிடியும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு மரப் பொம்மையும் கடைந்து தருகிற மோசஸின் பட்டறை அது. அவள் குடியிருக்கிற கூடுவாஞ்சேரியில் கடைசல்காரர் இல்லாமலா போய்விட்டார்? இருக்கிறார். அவர் கடை வாசலில்தான் ரிட்டயரான அவள் புருஷன் தணிகைவேல் தினமும் உட்கார்ந்து டீ குடிக்கிறார். அதனால், திருக்கழுக்குன்றம் கோயிலுக்குப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, அவர் டீக்குக் கிளம்பியதும் பரணிலிருந்த பேட்டை உறையோடு இறக்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றத்தில் இறங்காமல் நேராக இங்கே வந்துவிட்டாள். வழியில் கண்டக்டர் கிண்டல் வேறு. "இன்னாக்கா, இன்னிக்கு யாரோட மேட்ச்?"

யாரோடு? வீட்டுக்காரரோடுதான்.

மகன் சூர்யாவுக்குக் கிரிக்கெட் லீக் ஆட ஆசை. மட்டை சோறு போடுமா என்று கேட்டு, ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிற அன்றைக்குக் காலையில் பேட்டைப் பரணில் போட்டு, தொடக் கூடாது என்று தடுத்தவர் தணிகைவேல். பையன் அன்றைக்கு அப்பாவோடு பேச்சை நிறுத்தியவன்தான். படித்தான், வேலை வாங்கினான், டப்ளினுக்குப் போனான், அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அம்மாவுக்கு மட்டும் போன் வரும். அப்பா எடுத்தால் கட்.

அவர் மட்டும் லேசுப்பட்டவரா? பேத்தி பிறந்த போட்டோவைக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே காட்டினால், ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தண்ணி மோட்டார் போட்டியா?" என்று கேட்டார். கல்லைக்கூட இந்த ஊரில் நாலு தட்டுத் தட்டினால் மூக்கும் முழியும் வந்துவிடுகிறது.

பேத்தியைத் தூக்க விஜயகுமாரிக்குக் கை ஏங்கிக்கொண்டிருந்தது. தனியாகப் போக அவர் விடமாட்டார். சேர்ந்து போக அவர் வரமாட்டார். மாடி வீட்டு காயத்ரி ஞாயிற்றுக்கிழமை டப்ளினுக்குப் போகிறாள். அவளிடம் ஒரு கிலுகிலுப்பையாவது கொடுத்தனுப்பலாம். அப்பன் பிடித்துத் திரிந்த கட்டையைப் பொண்ணு பிடித்து ஆட்டட்டுமே. பாட்டி வீட்டிலிருந்து ஏதோ ஒன்று அந்தக் குழந்தையின் கையில் இருக்கட்டுமே.

மோசஸ் பிடியைத் தனியாக அறுத்து ஓரமாக வைத்தார். மட்டையை நீளவாக்கில் பிளந்து, ஒரு துண்டைக் கடைசல் மெஷினில் மாட்டினார். பஞ்சு மாதிரி மரம், உளி மழுங்கியிருந்தால் பிய்ந்துகொண்டு வரும் என்று சொல்லி உளியை ஒருமுறை தீட்டிக்கொண்டார். மெஷின் ஓடியது. சீவல் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது. விஜயகுமாரி தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

மெஷின் நின்றது.

"இதுக்கு இன்னா எண்ணெ போட்ட?"

"எண்ணெயா? ஒண்ணும் போடலையே."

"கொழந்த வாயில வெக்கிற சாமான்மா. அதுக்குத்தான் வார்னிஷ்கூட வேணாம்னேன். இன்னா எண்ணென்னு தெரியாம நான் கடைய மாட்டேன்."

அவளுக்கு எரிச்சலாக வந்தது. வருஷக்கணக்காகப் பரணை விட்டு இறங்காத பேட். உறை மேலே தூசி தட்டுவதோடு சரி; ஜிப்பைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்கு மனசு வந்ததில்லை. அதைத்தான் மோசஸிடமும் சொன்னாள்.

மோசஸ் வாதாடவில்லை. ஒரு சீவலை எடுத்து அவள் விரல்களுக்கு நடுவில் வைத்து நசுக்கச் சொன்னார். விரல் பளபளத்தது. சும்மா கிடந்த பேட்டாக இருந்தால் இந்நேரம் காய்ந்து வெடித்திருக்கும், இது இப்போதுதான் எண்ணெய் குடித்த மரம், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், கேட்டுச் சொல் என்றார்.

வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கோயில் பொய் அம்பலமாகும். ஆகட்டும், குழந்தை வாயில் வைக்கிற சாமான். போன் போட்டாள்.

"ஏங்க, பரண்ல இருக்கிற பேட்டுக்கு எண்ணெய் ஏதாவது போட்டீங்களா?"

வைத்துவிட்டாரோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஆளிவிதை எண்ணெய்" என்றார் தணிகைவேல். திருடி மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தது குரல். "நீ கோயிலுக்குப் போற அன்னிக்கு எறக்கி லேசாத் தடவி வெப்பேன். மரம் காஞ்சிடக் கூடாதில்ல? திரும்ப வந்து ஆடணும்னு நெனச்சான்னா..."

அவள் தரையைப் பார்த்தாள். காலைச் சுற்றிச் சீவல். ஓரத்தில், ரப்பர் உறை போட்ட பிடி மட்டும் முழுசாகக் கிடந்தது.

"ஏங்க..." என்று எப்படியோ ஆரம்பித்தாள்.

அவர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்கும் தடவலாம்னு பரண்ல பார்த்தேன், பேட்டைக் காணோம். என்கிட்ட மறைக்காத விஜயா. புள்ள வந்துட்டானா?"