புதினாத் தொட்டியான காபி பில்டர்

பியூலா வீட்டுச் சமையலறையில் திங்கட்கிழமை வந்தால் சாமான்களுக்குள் ஒரே தள்ளுமுள்ளு. மோர்மன் என்னும் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த குடும்பம் அது. திங்கள்தோறும் சாயங்காலம் பியூலா ஏதாவது ஒரு சாமானைக் கையில் எடுத்து, அதை வைத்தே பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லுவாள்.

"இன்னைக்கு நான்தான்! விசில் வர்ற வரைக்கும் எவ்வளவு பொறுமையா இருக்கேன்!" என்று குதித்தது குக்கர்.

"போடா! கரண்ட் போனா வெளிச்சம் தர்றது யாரு?" என்று மினுக்கியது டார்ச்.

ஜன்னலோரம் இருந்த காபி பில்டர் மட்டும் இந்தப் போட்டியில் சேரவில்லை. சபையில் காபி கூடாது. பியூலா ஞானஸ்நானம் எடுத்த அன்றே வீட்டில் காபி நின்றுபோனது. அடியில் ஓட்டைகள் இருந்ததால் பில்டர் புதினாத் தொட்டியாகிவிட்டது.

"உனக்கென்னப்பா! தினமும் காலையில அம்மா உன் முன்னாடி குனிஞ்சு, கண்ணை மூடி ஜெபம் பண்றாங்க. அப்படி என்னதான் ஜெபம்?" என்று பொருமியது குக்கர்.

பில்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெபமா? புதினாவுக்குள் மூக்கை விட்டு, மிச்சமிருக்கும் காபி வாசனையை அல்லவா அவள் இழுத்துக்கொண்டிருந்தாள்!

"சொல்லேன்! சொன்னா நாங்க வழிவிடுறோம், இன்னைக்குப் பாடமே நீதான்!" என்றது டார்ச்.

"எதைக் கீழே விடணும், எதைப் பிடிச்சு வைக்கணும்னு எனக்குத் தெரியாதா?" என்று இலைகள் குலுங்கச் சிரித்தது பில்டர்.

அன்று பாடமாகப் போனது குக்கர்தான்.

மறுநாள் காலை பியூலா வந்து குனிந்தாள். பில்டர் புதினா இலைகளைக் கொஞ்சம் ஒதுக்கி, அவள் மூக்குக்கு இடம் விட்டது.