ஹெல்மெட் சொன்ன சதவீதம்

நான் எங்கே போகிறேன் என்பதோடு, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்பதையும் என் ஹெல்மெட் மனைவியின் போனுக்கு அனுப்பிவிடும். சின்னமனூர் வயல்களைத் தனியாகக் கடக்கும்போதே தொண்ணூறு சதவீதம்.

வசந்தமல்லி அழைத்தாள். "நான் கூட இல்லாதது அவ்வளவு இனிக்குதாங்க? இன்னொரு தடவை பைக் சாவியக் கேட்டுப் பாருங்க!"

பயந்துபோய், போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் பல் மருத்துவரை நினைத்துக்கொண்டே ஏறினேன். மேகம் முகத்தில் பட்டது. அவசரமாகக் கடைவாய்ப் பல்லை நினைத்தேன். மகிழ்ச்சி நாற்பதைத் தாண்டவில்லை.

சாயங்காலம் திரும்பினேன். அவள் வாசலில் போனோடு நின்றாள்.

"மலையில நாற்பது, சரி. நம்ம தெருவுக்குள்ள திரும்பினதும் எப்படிங்க பன்னிரண்டு ஆச்சு?"

"பல் டாக்டரை நினைச்சேன்" என்றேன்.

உண்மையில் தெரு திரும்பும்போது நான் பல்லை நினைக்கவே இல்லை.