மாசானம் வாங்கிய வெள்ளம்

இந்தக் காலத்து ஜனங்கள் ஆற்று வெள்ளத்தையும் அணை ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு வாங்குகிறார்கள். வெட்கமே இல்லை. இந்த வருஷம் எதிர்க்கரை மாசானத்துக்குத்தான் வெள்ளத்தைத் திருப்பிவிட்டார்கள். மீனெல்லாம் அவன் நாவல் தோப்புக்குள் ஏறி மேய்ந்ததாம். என் கரையில் சேறுதான்.

என் மனைவி உலகம்மாள் அவனிடம் ஒரு கெண்டை வாங்கிவந்து, நான் பிடித்ததோடு சேர்த்து வயிற்றைக் கீறினாள்.

“இங்க பாருங்க, அவரு மீனு வயித்துல நாவப்பழம், பூச்சி. என்னா கொழுப்பு! உங்களுது வெறும் சேத்தத் தின்னிருக்கு.”

“அந்தக் களவாணிப்பய பழத்த உள்ள திணிச்சு வித்திருப்பாம்ளா!”

“ஆமா, ஒவ்வொண்ணுக்கும் ஊட்டிவிட்டாராக்கும்.”

அவன் மீனைக் குழம்பில் போட்டாள். முப்பது வருஷத்தில் அந்தச் சட்டியில் என் மீனைத் தவிர வேறு வெந்ததில்லை. சோறு வேண்டாமென்று எழுந்து நடந்தேன். மீன் பழம் தின்னுமாம்!