சாட்டையும் செலவுதான்

செக்கு இழுத்துக்கொண்டிருந்த செவலைக் காளையின் முதுகில் கொக்கு வந்து உட்கார்ந்தது. ஊர் மாடுகளின் உழைப்புக்கு என்ன செலவாகிறது என்று கணக்கெடுப்பது அதன் உத்தியோகம்.

"செவலை, ஒரு மணி நேரத்துக்கு உனக்கு ஆகிற செலவு போன வருஷத்தைவிட ஏறிவிட்டது. பாவம், செக்குக்காரர்."

காளை அப்படியே நின்றுவிட்டது. "அதே வைக்கோல்தானே சார் போடுகிறார்? நான் ஆட்டின எள்ளின் புண்ணாக்கைக்கூட என் கண்ணில் காட்டுவதில்லை. எது ஏறியது?"

"வைக்கோல் மட்டுமா? உன்னை வேலை வாங்க ஆகிற எல்லாமே சேரும். லாடம், மூக்கணாங்கயிறு, அப்புறம் அந்தப் புதுச் சாட்டை. நல்ல தோல், விலை ஜாஸ்தி."

"என்னை அடிக்கிற சாட்டை என் கணக்கிலா?"

"வேறு யார் கணக்கில் எழுதுவது? அது வேறு யார் மேலும் படுவதில்லையே."

"அப்போ அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். செலவு மிச்சமாகும்."

"அடிக்காவிட்டால் நீ நிற்பாய். வேலை நேரம் குறையும். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஆகிற செலவு இன்னும் ஏறும்."

செக்கு நின்றதைக் கண்டு செக்குக்காரர் சாட்டையோடு ஓடி வந்தார். கொக்கு சிறகை விரித்தது.

"எங்கே சார் கிளம்பிவிட்டீர்கள்?" என்றது காளை. "எனக்குச் செலவு செய்யத்தானே வருகிறார். உட்காருங்கள், உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்."