பின்சீற்றில் அனிற்றா

பகேரியா வீதியின் வளைவு வெயிலில் மினுங்குகிறது. போன கிழமை இந்த நீள மூக்கு அமெரிக்கக் காரின் பின்பக்கம் இங்கேதான் வழுக்கிப்போய் மதிலை உரசியது. பின் அச்சு இனிப் பக்கவாட்டில் அசையாதபடி, கராஜில் வேலை செய்யும் றெஜி தன் கையாலேயே ஓர் இரும்புத் தண்டை வெல்டிங் செய்து பூட்டியிருக்கிறான். நாளை கராஜ் முதலாளியின் மகன் இதை ஓட்டுவான். பின்சீற்றில் அந்த மகனின் தங்கை, மணப்பெண்ணாக. “நீ இஞ்சை இறங்கி நில்லன்,” என்கிறான் றெஜி, பின்சீற்றில் இருக்கும் மனைவி அனிற்றாவிடம். “பின்னால ஆளில்லாமல் ஓடிப் பாத்து என்ன பிரயோசனம்?” என்று கேட்டபடி அனிற்றா செபமாலையை விரல்களில் சுற்றிக்கொள்கிறாள்.

கார் வளைவுக்குள் பாய்கிறது. ரயர்கள் கிறீச்சிடுகின்றன. அடியில் புது இரும்பு முனகுகிறது. மதில் கண்ணாடியருகே வந்து, உரசாமல் விலகிப் போகிறது. றெஜி காரை ஓரமாக நிறுத்தி மூச்சுவிடுகிறான். பின்னால் அனிற்றாவின் முகம் வெளிறியிருக்கிறது. “திருப்புங்கோ, இன்னொருக்கா ஓடிப் பாப்பம்,” என்கிறாள். “அந்தப் பெடியன் இதைவிட வேகமா ஓடுவான்.”