ஏழாவது தவிட்டுக்குருவி

ஜொஹரா படியெடுத்திருந்தது இடப்பக்கத்தை.

எழுதியவள் இன்னொரு முறை பார்த்தாள். பார்த்தால் மாறிவிடாது. இருந்தாலும் பார்த்தாள்.

கையெழுத்து இதழின் பன்னிரண்டாம் பக்கம். மேலே பச்சை மையில் அவள் பெயர். நான்கு ஓரமும் கொடி. கொடி நெடுக இலைகள். ஒவ்வொரு இலைக்கும் ஜொஹரா நரம்புகூட வரைந்திருந்தாள். நடுவில், முத்து முத்தான எழுத்தில்:

பங்குனி 14. காலை 6.10.
புங்கமரம். எல்லாம் புது இலை.
தவிட்டுக்குருவி ஏழு.
நேற்று ஆறு என்று எழுதியது தவறு.
ஏழாவது, இலைக்குள் இருந்திருக்கலாம்.

இது கவிதை அல்ல.

கவிதை வலப்பக்கத்தில் இருந்தது.

அவளுடைய நாட்குறிப்பில் அப்படித்தான். இடப்பக்கத்தில் அன்று பார்த்தது. வலப்பக்கத்தில் அதை வைத்து எழுதும் கவிதை. மாலைக் கவிதை வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. இடப்பக்கத்தில் அடித்தல் இருக்காது. வலப்பக்கத்தில் அடித்தலைத் தவிர அதிகம் இருக்காது.

இந்த ஒன்றுக்கு ஒன்பது நாள் ஆனது.

‘புங்கமரத்துக் கிளையினிலே’ என்று தொடங்கும். ‘புள்ளினம் பாடுது களிப்பினிலே’ என்று போகும். தவிட்டுக்குருவி பாடாது, கத்தும். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் புள்ளினம் என்று போட்டிருந்தாள்.

போன இரண்டு இதழ்களிலும் கடைசி நாளில் பின்வாங்கிவிட்டாள். “இன்னும் சரியா வரல சார்.” சாரும் வற்புறுத்தவில்லை. இது இளவேனில் இதழ். இந்த முறை கொடுத்தே தீருவது என்று முடிவு செய்து, நாட்குறிப்பையே ஜொஹராவிடம் தந்தாள். பக்கம் தெரிய நடுவில் ஒரு சீட்டு வைத்தாள்.

சீட்டு இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

இதழ் ஒரே ஒரு படி. தைத்தும் ஆகிவிட்டது.

“ஏட்டி, கொடி நல்லா வந்திருக்கா?” என்றாள் ஜொஹரா.

நன்றாகத்தான் வந்திருந்தது. தலையாட்டினாள்.

பிறகு, வேறு வழியில்லாமல், பக்கத்தில் இருந்தவரிடம் இதழை நகர்த்தினாள்.

நூலக மாடியில் பதினொரு பேர். சார் வர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. அதற்குள் இதழ் ஒரு சுற்று வந்துவிடும். சுற்றி முடியும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்பது வகுப்பின் வழக்கம். சொல்ல இருப்பதைக் கடைசித் தாளில் ஒரு வரியாக எழுதலாம்.

சுற்றி முடிந்ததும் எழுந்து சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

வரிசையும் போட்டுக்கொண்டாள். முதலில், மன்னிக்கவும். இரண்டாவது, தவறு ஜொஹராவுடையது அல்ல. மூன்றாவது, உண்மையான கவிதையை வாசிக்க அனுமதி.

மூன்றாவதை மட்டும் இன்னொரு முறை யோசித்தாள்.

ஜன்னல் திறந்திருந்தது. கீழே யாரோ சைக்கிளை நிறுத்தும் ஓசை.

தண்ணீர்த்தொட்டி மோட்டார் போடும் சங்கிலி அண்ணாச்சியிடம் இதழ் போயிற்று. அவர் பன்னிரண்டாம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். படிக்க அங்கே அவ்வளவு இல்லை.

தையல்கடைப் பிச்சுமணி பதினொன்றாம் பக்கத்தில் சிரித்தான். பன்னிரண்டில் சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினான்.

அவள் நகத்தைக் கடித்தாள். கடிக்கிறோம் என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

இதழ் அவளிடம் திரும்பி வந்தது.

கடைசித் தாளைத் திருப்பினாள். அருமை. மிக அருமை. பக்கம் நான்கில் சந்தம் இடிக்கிறது. பக்கம் ஏழு, அருமை.

கீழே, சாய்ந்த எழுத்தில்:

பக்கம் 12. எங்கள் தெருவில் எட்டு.

அதற்கும் கீழே:

பக்கம் 12. எட்டு இல்லை. ஒன்பது. நானும் அதே தெரு.

எழுந்து நின்றாள். முதல் வார்த்தை நாக்கில் இருந்தது.

அதற்குள், கடைசித் தாளை எட்டிப் பார்த்த சங்கிலி அண்ணாச்சி பிச்சுமணி பக்கம் திரும்பிவிட்டார்.

“ஒம்பதா? ஒனக்கு எண்ணத் தெரியுமாடே?”

“வாசல்ல நின்னு எண்ணினேன் அண்ணாச்சி.”

“அதுல ஒண்ணு மைனாவா இருக்கும்.”

“மைனா தெரியாதவனா நானு?”

“ஆறு மாசம் முன்ன என் சட்டைக்கு அஞ்சு பொத்தான் வச்ச ஆளுதானடே நீ. ஆறு கேட்டேன்.”

அறை முழுக்கச் சிரித்தது. பிச்சுமணியும் சிரித்தான். ஆனால் ஒன்பதை விடவில்லை.

ஜொஹரா மட்டும் சிரிக்காமல் கேட்டாள். “ரெண்டு பேரும் இலைக்குள்ள பாத்தீங்களா?”

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிச்சுமணி பிடரியைச் சொறிந்தான்.

எல்லோரும் இப்போதுதான், நின்றுகொண்டிருந்த அவளைப் பார்த்தார்கள். பதினொரு பேரில் பத்துப் பேர். என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“எந்தத் தெரு அண்ணாச்சி?”